கேட்டவர்கள் பதினோரு பேர்

அந்தப் பதினோரு பேரையும் ஒரே அறைக்குள் கூட்டி வைத்தது நான்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நோட்டும் ஒரு பரிசும் கொடுத்தேன். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

வெம்பக்கோட்டைக்கும் சிவகாசிக்கும் நடுவில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊரில் நூலகராக இருக்கிறேன். விருதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். காலையில் எட்டு முதல் பதினொன்று, மாலையில் நாலு முதல் ஏழு. நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது என்பதால் நூலகத்துக்குள்ளேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, கரையான் அரித்த அலமாரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை. சர்ச்சுக்குப் போக வழியில்லாத உத்தியோகத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாயே என்று என் அம்மா சாகும்வரை புலம்பினார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். பக்கத்தின் ஓரத்தை மடக்குகிறவர்கள், எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர்கள், பேப்பர் படிக்க வந்து ஃபேனுக்குக் கீழே குறட்டை விடுகிறவர்கள் எல்லோரும் என் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான். பிள்ளைகளும் தப்பியதில்லை. ஆனாலும் வருவார்கள். அந்த ஊரில் நாலு மணிக்குப் பிறகு போக வேறு இடம் கிடையாது.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், வீட்டில் கேட்கத்தான் ஆளில்லை. விடிந்ததும் விடியாததுமாகப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து அம்மாமார்களை அள்ளிக்கொண்டு போய்விடும். சாயங்காலம் திரும்பி வருகிறவர்களுக்குச் சோறு பொங்கவே நேரம் சரியாக இருக்கும். கேட்க ஆளில்லாத பிள்ளை வாசிப்பதை விட்டுவிடுகிறது. இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் அந்த யோசனை செய்தேன். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. அதில் மூன்று கட்டம்: தேதி, புத்தகம், கேட்டவர்கள். தினமும் வீட்டில் ஒரு பக்கமாவது சத்தமாக வாசிக்க வேண்டும், கேட்டவர் யாரென்று எழுத வேண்டும். முதல் வாரம் ஒரு பயல் தன் வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயரை எழுதிக்கொண்டு வந்தான். ஆடு கடைசிவரை கேட்டதா என்றேன். கேட்டது, பிறகு பக்கத்தைத் தின்னப் பார்த்தது என்றான். அதற்கும் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். மாதக் கடைசியில் யார் நோட்டில் கேட்டவர்கள் அதிகமோ அவர்களுக்குப் பரிசு என்று நானாக ஒரு போட்டியை அறிவித்தேன். சிவகாசி அச்சகங்களில் அட்டை கோணிப்போனது என்று கழித்துப்போட்ட டைரிகளை வாங்கி வைத்திருந்தேன். பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு அது போதும்.

இரண்டு மாதமாக டைரியை வாங்கிக்கொண்டு போனது ஒரே பெண். பிளஸ் ஒன் படிக்கிறவள், நெட்டையாக வளர்ந்தவள், அதிகம் பேச மாட்டாள். ஆனால் வாசிக்கச் சொன்னால் வேறு ஆளாகிவிடுவாள். கதையில் கிழவர் பேசினால் கிழவராகப் பேசுவாள், மாமியார் பேசினால் மாமியாராக வெட்டுவாள். பேப்பர் படிக்க வந்த பெரிசுகள்கூடப் பேப்பரை இறக்கிவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். அவளோடு ஒட்டிக்கொண்டு தங்கை ஒருத்தி வருவாள். மூன்றாம் வகுப்பு. அது எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் எனக்குப் பொழுது போய்விடும். சனிக்கிழமை காலையில் அதை என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் அப்பா கேரளாப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அம்மா வீட்டிலிருந்தபடி ஏதோ வேலை செய்கிறார் என்று தெரியும். தீப்பெட்டி ஒட்டுகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

பெரியவளின் நோட்டில் முதல் வாரம் 'அம்மா' என்று மட்டும் இருந்தது. பிறகு 'அம்மா, பக்கத்து வீட்டு அத்தை'. ஆடி முடிவதற்குள் ஆறு பேர். வீட்டைவிட்டு வந்த ஒருத்தி பட்டணத்தில் சாப்பாட்டுக் கடை வைத்துப் பிழைக்கும் ஒரு கதை, இரண்டு பாகம், தடித்தடியாக இருக்கும். அதை அவள் எடுத்துப்போன பிறகு எட்டு, ஒன்பது என்று ஏறி, ஆவணியில் பதினொன்றில் வந்து நின்றது. பெயர்களை வரிசையாக எழுதி, அடியில் 'மொத்தம் 11' என்று கோடு போட்டிருந்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து எங்கள் நூலகர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆளாளுக்குக் கைதட்டினார்கள்.

அவள் திருப்பிக்கொண்டு வரும் புத்தகத்தில் மருந்து வாசம் அடிக்கும். இங்கே மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். கந்தகம் கலந்து, மூக்கின் அடியில் நின்று காந்தும். இந்த ஊரில் எது மணக்கவில்லை? பஸ் சீட்டு மணக்கிறது, பள்ளிக்கூடப் பை மணக்கிறது. புத்தகத்தை வெயிலில் விரித்து வைத்தேன். அதைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கவில்லை. படித்தவள், இருபது வருஷமாக இந்த மண்ணில் வேலை பார்க்கிறவள், எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை பத்தரை இருக்கும். பதினைந்து பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். சின்னவள் என் மேஜையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது சத்தம் கேட்டது. சத்தம் என்றால் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் விழும். ஜன்னல் கம்பி அதிர்ந்தது, மேல் தட்டிலிருந்து இரண்டு புத்தகம் சரிந்தது. இங்கத்துப் பிள்ளைகள் கத்த மாட்டார்கள். எல்லோரும் தலையைத் தூக்கி, எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்தார்கள். நான் எழுந்து பெரியவளைத் தேடினேன். அவள் இருந்த இடத்தில் புத்தகம் திறந்தபடி கிடந்தது. வாசலில் செருப்பு கிடந்தது. அவள் ஓடிப்போயிருந்தாள். எங்கே போனாலும் கையில் பிடித்துக்கொண்டு போகிற தங்கையை விட்டுவிட்டு ஓடியிருந்தாள்.

வெம்பக்கோட்டை அணைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒரு செட் வெடித்துப் போய்விட்டது, நல்லவேளையாக உள்ளே ஆளில்லை என்று சற்று நேரத்தில் செய்தி வந்தது. அவள் அரை மணி நேரம் கழித்து வந்தாள். வெறுங்காலெல்லாம் புழுதி. செருப்பை மாட்டிக்கொண்டு, தங்கையைக் கூப்பிட்டாள். எதற்கு இப்படி ஓடினாய், உன் அம்மாதான் வீட்டில் இருக்கிறாரே என்று வெடுக்கென்று கேட்டேன்.

“எல்லாரும் உள்ள இருந்தாகக்கா,” என்றாள்.

எல்லோரும் என்றால் யார் என்றேன். மேஜையில் அடுக்கியிருந்த நோட்டுகளைப் பார்த்தாள். அவள் நோட்டு மேலேதான் இருந்தது.

“கதை கேக்க வாரவுக. சும்மா உக்காந்து கேக்க முடியுமாக்கா? அவுகவுக வேலையையும் எடுத்துக்கிட்டு வந்துருவாக.”

“என்ன வேலை?”

“திரி,” என்றாள்.

கருந்திரியைத்தான் சொன்னாள். நூலில் கருமருந்து ஏற்றி, காயவைத்து, அளவாக வெட்டிக் கட்டுவது. பட்டாசில் நாம் நெருப்பு வைக்கிற நுனி. அதை வீட்டில் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சீசன் நேரத்தில் ஆர்டர் குவியும்போது யார் வீட்டிலாவது செய்துகொண்டுதான் இருப்பார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். ஆனால் அவரவர் வீட்டில், ஒருவராகவோ இருவராகவோ செய்வார்கள். கம்பெனிக்குள்ளேயே ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அது ஏன் என்று இந்தப் பக்கத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். நாலு பேர் அறையில் ஏதாவது ஆனால் நாலு பேரோடு போகும்.

என் நோட்டும் என் டைரியும் பதினோரு வீட்டு மருந்தை ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டன. நடுவில் இந்தப் பெண் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். அன்றே போட்டியை நிறுத்தினேன். நோட்டுகளையெல்லாம் வாங்கி பீரோவுக்குள் போட்டுப் பூட்டினேன். ஏன் என்று கேட்ட பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன்.

என் தங்கை அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ், தீக்காயப் பிரிவில் இருக்கிறாள். இரவு சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டாள். சொன்னதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். “எங்க வார்டுல அம்புட்டுக் கட்டில் இல்ல,” என்றாள். போலீசுக்குச் சொல் என்றாள். சொன்னால் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள், இரண்டு பெண் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்றேன். எழுந்து கை கழுவப் போனவள் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. கதை இருந்தால்தானே கூட்டம் கூடும்? பெரியவள் முதல் பாகத்தை முடித்துவிட்டு இரண்டாம் பாகம் கேட்டு வந்தாள். சாப்பாட்டுக் கடைக்காரியைத் தேடிக்கொண்டு புருஷன் பட்டணத்துக்கு வந்து இறங்குகிற இடத்தில் முதல் பாகம் முடியும். இரண்டாம் பாகத்தை வேறு யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். புத்தகம் என் மேஜை டிராயரில், என் வயிற்றுக்கு நேரே இருந்தது. நான் இந்த வேலைக்கு வந்து ஒரு பிள்ளையிடம் புத்தகத்தை ஒளித்தது அதுதான் முதல் தடவை. அவள் சரிக்கா என்று போய்விட்டாள். எனக்கு ரொம்பக் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

பத்து நாள் கழித்து, இப்போது வீட்டில் யாரும் வருவதில்லைதானே என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். வருகிறார்கள், இன்னும் இரண்டு பேர் கூடியிருக்கிறார்கள் என்றாள். புத்தகம்தான் இல்லையே என்றேன். அவள் முகத்தில் அபூர்வமாக ஒரு வெட்கம் வந்தது.

“நானே சொல்லிக்கிட்டு இருக்கேங்க்கா. புருஷன்காரன அவ இன்னும் கடைக்குள்ள விடல. தினம் வாசல்ல நிப்பாட்டியே அனுப்புதா. அத்தைகளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு.”

இந்தப் பெண் தலைக்குள்ளேயே ஒரு பாகத்தைக் கட்டி எழுப்பியிருக்கிறாள். வேறு ஊராக இருந்தால், வேறு வீடாக இருந்தால், நான் ஊரைக் கூட்டி மாலை போட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு வந்ததோ பயம். பதிமூன்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் கருவேலங்காட்டை ஒட்டி ஒரு தகரச் செட். வெயில் மண்டையைப் பிளந்தது. செட்டைச் சுற்றித் தண்ணீர் தெளித்து ஈரமாக்கியிருந்தார்கள். செருப்புகள் எல்லாம் தூரத்தில் கழற்றிக் கிடந்தன. என் கைப்பையில் செல்போன் இருக்கிறதென்று ஞாபகம் வந்து, பையோடு ஒரு வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுக் கிட்டே போனேன். உள்ளே ஒருவர் முழங்கால் இன்னொருவர் முழங்காலில் இடிக்க வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கைகள் கறுத்திருந்தன. பெரியவள் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை. கைகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. சிரிப்பு வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்காமல் சிரித்தார்கள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர்கள் அம்மா என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கையைத் தவிட்டில் தேய்த்து, கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், பார்த்தால் தெரியாது. மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போய் நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். பெற்ற பிள்ளையை வெடிக்கு நடுவில் உட்கார்த்தி வைத்திருக்கிறீர்களே, நெஞ்சில் ஈரம் இல்லையா, பதிமூன்று பேரையும் பாடையில் ஏற்றத்தான் கூட்டி வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டேன். சொல்லக் கூடாத வார்த்தையும் ஒன்றிரண்டு வந்தது.

“டீச்சரம்மா, நாங்க நெருப்புக்குப் பயப்படல, தூக்கத்துக்குத்தான் பயப்படுதோம்,” என்றார். “விடியக்காலம் உக்காந்தா சாயங்கால வெக்கையில கண்ணு சொருகும். கண்ணு சொருகினா கை இழுக்கும். கை இழுத்தா உரசும். போன வருசம் எங்க மதினி அப்படித்தான் போனாக. இவ வாசிக்க ஆரம்பிச்ச நாள்லருந்து ஒருத்தரும் தூங்கல. அதனாலதான் எல்லாரும் இங்கன வாராக.”

கதைக்காகக் கூடினார்கள் என்று நினைத்திருந்தேன். உயிருக்குப் பயந்து கூடியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் என் நோட்டுதான் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியாது. தூங்காமல் இருந்தால் மட்டும் மருந்து சும்மா இருக்குமா?

கடைசியில் கெஞ்சினேன். பிள்ளையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். அடுத்த வருஷம் பிளஸ் டூ, நான் உட்கார்த்திப் படிக்க வைக்கிறேன், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நூலகத்துக்கு அனுப்புங்கள், சனி ஞாயிறும் அனுப்புங்கள், அந்தச் செட்டுக்குள் மட்டும் அவள் கால் வைக்கக் கூடாது என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். சரி டீச்சரம்மா, அவ இனி வரமாட்டா என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் சந்தோஷத்தில் அதற்கு மேல் துருவவில்லை.

சொன்னபடி பெரியவள் வந்தாள். நாலே காலுக்கு வந்தால் ஏழு மணிக்குத்தான் போவாள். டிராயரிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஏன் ஒளித்தேன் என்று அவள் கேட்கவில்லை. பாடத்தைப் படித்து முடித்து மீதி நேரத்தில் அதை வாசிப்பாள். நீ சொன்ன கதை நன்றாக இருந்ததா, இது நன்றாக இருக்கிறதா என்று சீண்டினேன். நான் சொன்னதுதாங்க்கா, இதில் அவள் அவனைச் சட்டென்று மன்னித்துவிடுகிறாள் என்றாள். நர்சிங் படிக்க என்ன மார்க் வேண்டும் என்று கேட்டாள். என் தங்கையிடம் விசாரித்துச் சொன்னேன். வீட்டுக்குப் போகும்போது குட்டிக் கதைப் புத்தகம் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்வாள், தங்கைக்கு என்பாள். பதிந்து கொடுப்பேன். இரண்டு வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். புரட்டாசி பிறந்து தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் லோடு வண்டிகள் அதிகமாகியிருந்தன.

சின்னவள் அந்த இரண்டு சனிக்கிழமையும் வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். மூன்றாவது சனிக்கிழமை வந்தாள். வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார்த்தி, யானைக் கதை ஒன்றைக் கையில் கொடுத்தேன். எங்கே எழுத்துக் கூட்டுகிறாள்? கடகடவென்று வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். யானை பேசும்போது குரலை இறக்கினாள். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஒரு வருஷமாக நான் மாரடித்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன். ஒரே ஒரு குறைதான், தொண்டை கிழியக் கத்தினாள். பேப்பர் படிக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இங்கே பக்கத்தில்தானே இருக்கிறேன், எதற்கு இப்படிச் சத்தம் போட்டு வாசிக்கிறாய் என்று கேட்டேன்.

“சன்னமா வாசிச்சா பின்னாடி இருக்க அத்தைகளுக்குக் கேக்காதுல்லக்கா,” என்றாள்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பெரியவளைத் தேடினேன். அவள் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தினமும் சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து அவள் உயிரியல் படித்துக்கொண்டிருக்கும்போது, எட்டு வயசுப் பிள்ளை அந்த வாளியில் உட்கார்ந்து நான் பதிந்து கொடுத்த புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவ வரமாட்டா என்று அந்த அம்மா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

நான் டிராயரைத் திறந்து செல்போனை எடுத்தேன். பெரியவள் எழுந்து வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். தடுப்பாள், அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்தேன். அவள் தங்கையின் கையைப் பிடித்து, நூலகத்தின் அடுத்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கு வேறு புத்தகம் எடுத்துக் கொடுத்தாள். நான் பேசுவது சின்னவளின் காதில் விழாத தூரம் அது. நான் போலீசுக்குப் பேசினேன். என் பேரைச் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

மறுநாள் வந்து செட்டுக்குச் சீல் வைத்தார்கள். திரிக்கட்டுகளைத் தண்ணீரில் நனைத்துச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நாலு பெண்கள் மேல் வழக்கு, அதில் அந்த அம்மாவும் ஒருவர். ஒரு வாரம் கழித்து ஜாமீனில் வந்தார். அந்த ஒரு வாரமும் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் தூங்கி, அங்கிருந்து பள்ளிக்கூடம் போனார்கள். நூலகத்துக்கு ஒருவரும் வரவில்லை. பேப்பர் படிக்கிற பெரிசுகள்கூட என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் போங்கடா என்று இருந்தேன். உள்ளுக்குள் ஆடிப்போய்த்தான் இருந்தேன்.

அந்த அம்மா நூலகத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. நாலு மணி, நான் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தேன். இரண்டு பிள்ளைகளும் பின்னால் நின்றார்கள். திட்டப்போகிறார் என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே போய் உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் வந்து, இனி இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு இங்கேதான் இருப்பார்கள், ஏழு மணிக்கு நான் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றார். நீங்கள் எங்கே வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“கேக்காதீக டீச்சரம்மா. கேட்டா மறுபடி போன் போடுவீக.”

கோபமாகச் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே, கருவேலங்காட்டுக்குள் எங்கேயோ என்று மட்டும் புரிந்தது. அங்கே எத்தனை பேர், நிழல் உண்டா, கண் சொருகும் நேரத்தில் யார் அவர்களைத் தூங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. செட்டாவது கண்ணெதிரில் இருந்தது. அவர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். காரியாபட்டியில் இருக்கும் தன் தங்கையின் விலாசம் என்றார். தெரு, வீட்டு அடையாளம், போன் நம்பர் எல்லாம் இருந்தது. எழுத்தைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. கோட்டுக்கு மேலே போகாமல், ஒரு பிழையும் இல்லாமல் சின்னவள் எழுதியிருந்தாள்.

“என்னைக்காச்சும் நான் வரலேன்னா ரெண்டையும் அங்கன கொண்டு போய் விட்டுருங்க,” என்றார்.

அந்தக் காகிதம் எதற்கு என்று சின்னவளிடம் சொல்லித்தான் எழுதச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வாரம் ஆகிறது. ஐப்பசி பிறந்துவிட்டது, தீபாவளிக்கு இன்னும் சில நாள்தான், சீசன் உச்சத்தில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளும் தினமும் வருகிறார்கள். ஆறே முக்கால் வரை நன்றாகப் படிக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் பக்கத்தைத் திருப்புவதில்லை. சின்னவள் சத்தமில்லாமல் வாசிக்கப் பழகிவிட்டாள், நானே பழக்கினேன். சில நாள் அந்த அம்மா ஆறு ஐம்பதுக்கே வந்துவிடுவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும், எனக்கு மூச்சு வரும். வந்ததும் அவரைப் பார்த்து ஏன் லேட்டு என்று திட்டுவேன். அவர் பிள்ளைகளின் பைகளை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார்.

மனசை வேறு எதிலாவது வைக்கலாம் என்றுதான் இன்று இதை எழுத உட்கார்ந்தேன். ஏழு மணிக்குப் பேப்பர் படிக்கிறவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இப்போது ஏழு இருபது. பெரியவள் ஜன்னலோரமாகப் போய் நிற்கிறாள். அவர் இன்னும் வரவில்லை.